சத்தம் போடாத ஆணி

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

தங்கை பணிவோடு எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க இரண்டு வேளையும் ஆண்டவனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கு எங்களுக்கு உடம்பு சௌக்கியம். மனசு பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நேற்று வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு நம் டைல்ஸ் கிடங்கில் இருந்தவர்கள்: நான், உங்கள் மாப்பிள்ளை, மெக்கானிக், நிதானம் என்று நாம் கூப்பிடுகிற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். ஆக நான்கு பேர். ஆண்டவனும் இருந்தான், ஆனால் அவனைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. நாளைக்கு யாரும் "நான் அப்போ அங்க இல்லவே இல்ல" என்று கை கழுவக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். போனில் பேசலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் மாப்பிள்ளைக்குப் பக்கத்து அலமாரியில் ஏதோ தேட வேண்டியதாகிவிடுகிறது. அதனால்தான் லாரிக்காரர் கையில் கடிதம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே மெக்கானிக் இதே வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, "மாஸ்ட் ஆணி இப்போதைக்கு ஓடும் தங்கச்சி, ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று சொன்னார். தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று வந்து, சொல்லிவைத்தாற்போல, தேய்ந்துவிட்டது என்கிறார். ஒரு பொருள் இத்தனை மாதத்தில் தேயும் என்று ஒருவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? தேய்த்தவருக்குத்தானே தெரியும். மாஸ்ட் என்பது முன்னால் ஏணி மாதிரி நின்று பாரத்தைத் தூக்குகிற சட்டம், அதை வண்டியோடு பிணைப்பது இந்தக் குண்டு ஆணி என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முப்பது வருஷம் அண்ணியைவிட அதிகமாக இந்த வண்டிகளோடுதான் குடித்தனம் நடத்தினீர்கள்.

நடந்தது இதுதான். முதலில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். நிதானம் ஆட்டினான். லொடக் லொடக்கென்று கிடங்கு முழுக்கக் கேட்டது. சரி, இதைத்தான் மாற்றச் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "இது பொறுக்கலாம் தங்கச்சி, மேல கீழதான் ஆடுது, இடையில ஒரு ஷிம் தகடு போட்டா அடங்கிடும்" என்கிறார். அப்புறம் முன்னால் வந்து மாஸ்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். மாஸ்ட் லேசாக எழும்பி இறங்கியது, ஒரு சத்தம் இல்லை. "இதுதான் போச்சு" என்கிறார். அண்ணா, லொடலொடக்கிறது நல்லதாம், வாயே திறக்காதது கெட்டதாம். "எவ்வளவு ஆடினா சரி, எவ்வளவு ஆடினா தப்பு, ஒரு கணக்குச் சொல்லுங்க" என்று கேட்டேன். உங்கள் மாப்பிள்ளை, "அதெல்லாம் கையில தெரியும்மா" என்றார். யார் கையில் என்று கேட்டேன். நிதானத்தைக் கேட்டால், "ஸ்டீயரிங்கைத் திருப்பினா வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்பும் அக்கா, எங்க வீட்டுக்காரியும் அப்படித்தான், பழகிட்டேன்" என்கிறான். இவன் ஓட்டுகிற வண்டியில்தான் மேல்தட்டுக்குச் சரக்கு ஏறுகிறது, கீழே நின்று அண்ணாந்து பெட்டி எண்ணுகிறவர் உங்கள் மாப்பிள்ளை. நான் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது?

இப்படி ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஒரு வாரம் முன்பே பக்கத்து லேத் பட்டறையில் கனம் அளக்கிற வெர்னியர் கேட்டு வாங்கி, கரண்டிக்காம்பு, தண்ணீர்க் குழாய், உங்கள் மாப்பிள்ளையின் கட்டைவிரல் என்று எல்லாவற்றையும் அளந்து பழகியிருந்தேன். மாஸ்டை இறக்கி, இடப்பக்க ஆணியை உருவித் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். புதிதில் நாற்பது மில்லிமீட்டர் கனம். தலை, நடு, வால் என்று மூன்று இடத்திலும் அளந்தேன். மூன்றிலும் முப்பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றைந்து. அரை மில்லி தேயும்வரை பொறுக்கலாம் என்று வண்டிப் புத்தகத்தில் படம் போட்டே சொல்லியிருக்கிறது. மெக்கானிக் ஆணியை வாங்கினார், சீட்டு வித்தைக்காரர் மாதிரி உள்ளங்கையில் ஒரு திருப்புத் திருப்பினார், அளந்தார். முப்பத்தெட்டு புள்ளி தொண்ணூறு. ஒரே ஆணி, ஒரே வெர்னியர், ஒரே நிமிஷம், ஒரு மில்லிக்கு மேல் வித்தியாசம். "அந்தத் திருப்புல என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "திருப்பித்தாம்மா அளக்கணும்" என்றார். தங்கச்சி போய் அம்மாவாகிவிட்டதைக் கவனியுங்கள். "புடிச்ச அளவு வர்ற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருக்கிறது எந்த ஊர் நியாயம்?" என்றேன். அவர் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, "பத்து வருஷமா இந்த வண்டிக்கு அடியில நான் படுத்தேன், இனிமே நீங்களே படுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆணியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பீரோவில் பூட்டிவிட்டேன்.

இதைவிடச் சந்தேகமான சங்கதி உங்கள் மாப்பிள்ளை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் வீட்டுக்காரி அளந்துட்டா, ஒண்ணும் தேயல" என்று பெருமை பேசுகிறார். நாளைக்கு நிதானத்தை வைத்துப் பழைய ஆணியையே மாட்டித் திங்கட்கிழமை ஓட்டப்போகிறாராம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன ஒரு பேச்சை அன்றைக்கே ஒப்புக்கொண்ட மனிதர் இல்லை இவர். எப்படியிருந்தாலும் அந்த மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த யோக்கியமான ஆள் யாராவது இருந்தால் அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, ஆண்டவன் அவர்களுக்கு நல்ல புத்தியும் நல்ல பசியும் தரட்டும். உங்கள் முழங்காலுக்காகத் தனியே வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, நீங்கள் ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று இன்னொரு தரம் அளந்து பார்க்க ஆணியை மேஜைமேல் வைத்தேன். உருளவில்லை. தள்ளினேன், ஒரு சுற்றுச் சுற்றி அதே பக்கமாகவே படுத்துக்கொண்டது. விரலால் தடவினால் ஒரு பக்கம் மட்டும் தட்டை. அந்தப் பக்கத்துக்கு வெர்னியரைக் கொடுத்தால் முப்பத்தெட்டு புள்ளி தொண்ணூறு. பாரம் சாய்கிற பக்கம்தான் தேய்ந்திருக்கிறது அண்ணா, நான் நல்ல பக்கத்தையே மூன்று தரம் அளந்திருக்கிறேன். மெக்கானிக்கைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய் உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "புடிச்ச அளவு வர்ற வரைக்கும் திருப்பக் கூடாதுன்னு நீதானே சொன்ன" என்கிறார், ஆணியைக் கேட்டுக் கையை நீட்டுகிறார். கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு லாரியில் உங்களுக்கே அனுப்புகிறேன், அது இல்லாமல் அவரால் மாஸ்டை ஏற்ற முடியாது. மெக்கானிக் என் போனை எடுப்பதில்லை, நீங்கள் கூப்பிட்டால் எடுப்பார். தங்கச்சி தப்பாக அளந்துவிட்டாள் என்றே சொல்லுங்கள், பூசி மெழுக வேண்டாம். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கண்டெய்னர் வருகிறது. அதற்குள் அவர் புது ஆணியோடு வருவாரா, மாட்டாரா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.