மோர் உண்டு, மோர் இல்லை

மின்சுற்று வரைபடம் என்பது அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்காக வரையப்படுவது. தெரியாதவர்கள் கையில் சிக்கினால், பழி மட்டும் வரைந்தவன் தலையில் விழும். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். என் வீட்டில் இந்தச் சம்பவத்தை வேறுவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடி அண்ணாமலையில் இருக்கும் என் சம்பந்தி, பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோருக்கு வீட்டு வாசலில் நீர்மோர் கொடுப்பவர். "மோர் இருக்குதான்னு ட்ரம்மை எட்டிப் பாக்குறவங்களே ஜாஸ்தி சம்பந்தி" என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியன் நான் சும்மா இருக்கலாமா? (இருந்திருக்கலாம்.) ட்ரம்மில் மோர் இருந்தால் 'மோர் உண்டு' என்ற பச்சை விளக்கும், தீர்ந்தால் 'மோர் இல்லை' என்ற சிவப்பு விளக்கும் எரியும் பலகை ஒன்றை வடிவமைத்தேன். அதன் அடியில் என் பெயரையும் எம்.எஸ்சி. பட்டத்தையும் எழுத வைத்தேன்.

படத்தைப் பார்த்துக் கம்பிகளை இணைக்க வேண்டியவர் என் மாப்பிள்ளை. ஒவ்வொரு கோடும் அளவுகோல் வைத்து இழுத்தது. அப்படியும் அவர் கேட்டார்: "மாமா, கோடுங்க குறுக்க வர்ற எடத்துல எது சேருது, எது சும்மா தாண்டிப் போவுது? சேர்ற எடத்துல ஒரு புள்ளி வெச்சுடுங்களேன்."

"புள்ளி வெச்சுப் போட இது என்ன கோலமா மாப்பிள்ளை? பாத்தாலே தெரியும்" என்றேன்.

அவரும் பார்த்தார். குறுக்கே வந்த கோடுகளை எல்லாம் சேர்த்துவிட்டார்.

பௌர்ணமி மாலை, சம்பந்தியின் உறவினர்கள் அனைவர் முன்னிலையிலும் சுவிட்சை நானே போட்டேன். (முன்கூட்டியே சோதித்துப் பார்த்தால், என் மேல் எனக்கே நம்பிக்கையில்லை என்றாகிவிடாதா?)

பச்சையும் சிவப்பும் சேர்ந்தே எரிந்தன.

"ஐயா, மோர் உண்டுங்களா, இல்லீங்களா?" என்றார் ஒருவர்.

"யாருங்க இந்த எம்.எஸ்சி.? அவருக்கே தெரியல போல!" என்றார், பலகையைக் கடைசிவரை படித்த இன்னொருவர்.

கூட்டம் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சம்பந்தி மெல்ல ப்ளக்கைப் பிடுங்கினார். "விடுங்க சம்பந்தி. முன்ன ட்ரம்மைத்தான் எட்டிப் பாத்தாங்க. இப்ப உங்களையும் சேத்துப் பாக்குறாங்க."

என் படத்தில் பிழை இருந்ததாக இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. (இப்போதெல்லாம் புள்ளி வைக்கிறேன். அது மற்றவர்களின் வசதிக்காக.) ஆனால் வேங்கிக்காலில் எங்கள் வாசலில் கோலமாவோடு குனியும்போதெல்லாம், தெருவுக்கே கேட்கும்படி என் மனைவி குரல் கொடுக்கிறாள்:

"என்னங்க, புள்ளி வெச்சிட்டேன். எது சேருது, எது தாண்டிப் போவுதுன்னு கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போங்க!"