அணைத்த பிறகும் கொதிக்கும் கொப்பரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் உதவி ஆசிரியர்களும் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். தங்கள் வீடியோ விளையாட்டு விமர்சகர் 'பொத்தான்' அவர்களும் நலமாக இருக்க வேண்டும். உடம்பில் தெம்பு இருந்தால்தான் தவற்றை ஒப்புக்கொள்ள முடியும்.

இது தங்களுக்கு நான் எழுதும் பன்னிரண்டாவது கடிதம். பொத்தான் இரண்டே இரண்டு நட்சத்திரம் போட்ட அந்த ஜப்பானிய ரசவாத விளையாட்டு, நாம் அணைத்துவிட்டுப் போன பிறகும் தானாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பதினோராவதில் எழுதியிருந்தேன். "வாசகர் இதை ஆதாரத்தோடு நிரூபித்தால் ஐந்து நட்சத்திரமும் வருத்தமும் அச்சிடுவோம். நிரூபிக்க முடியாவிட்டால் அவர் இனி எங்களுக்குக் கடிதம் எழுதாமல் இருந்து உதவ வேண்டும்" என்று நாலு பேர் பார்க்கப் பதில் போட்டுவிட்டீர்கள். சரி, சம்மதம். சோப்புத் தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வெப்பமானி பொய் சொன்னால் அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என்னிடம் போய் ஆதாரம் கேட்டால் எப்படி? நாற்பத்தொரு நாள் அட்டவணை இத்துடன் இருக்கிறது. படித்துவிட்டு வருத்தத்தை எந்தப் பக்கத்தில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கலாம்.

முதலில் விளையாட்டு. பொத்தான் அதைப் பாதியில் விட்டவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிவதால் சொல்கிறேன். ஒரு துறைமுக ஊர். உப்புக் காற்றில் கலங்கரை விளக்கத்தின் எட்டுக் கண்ணாடியும் மங்கிப்போயிருக்கின்றன. ஒரு பெண்ணிடம் ஒரு பெரிய கொப்பரை இருக்கிறது. மழைக்காலத்துக்குள் அவள் புதுக் கண்ணாடி செய்து தர வேண்டும். அவ்வளவுதான் கதை. அரக்கன் கிடையாது, உலகம் அழியப்போவதில்லை, யாருடைய அப்பாவையும் யாரும் கொல்லவில்லை. "காய்ச்சுவது, கிளறுவது, மறுபடி காய்ச்சுவது, வேறொன்றுமில்லை" என்று பொத்தான் அலுத்துக்கொள்கிறார். அவர் தினமும் குளிக்கிற சோப்பும் அப்படித்தான் வருகிறது, அதற்கு அவர் எத்தனை நட்சத்திரம் போடுகிறார் என்று தெரியவில்லை. இதில் பாறையில் பொறுக்குகிற கடற்பாசிக்கு 'ஈரத்துக்கு அஞ்சாது' என்று ஒரு குணம் உண்டு. பாசியை எரித்தால் அந்தக் குணம் சாம்பலுக்குப் போகும், சாம்பலைக் காய்ச்சினால் காரத்துக்குப் போகும், காரத்தை மணலோடு உருக்கினால் கண்ணாடிக்கு வந்து உட்காரும். மூன்று கை மாறியும் குணம் சிந்தாமல் சேருகிறது. எங்கள் குடும்பத்தில் மூக்கு மட்டும்தான் அப்படிச் சேர்ந்திருக்கிறது. இதைக் கணக்குப் போட்டு வைத்தவன் எவனோ, அவன் எங்கள் தொழிற்சாலையில் இருந்திருந்தால் நாங்கள் இந்நேரம் வேறு எங்கேயோ போயிருப்போம்.

இனி ஆதாரம். நான் அவசரக்காரன், ஒளிக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்தி, டிவியைப் போட்டு, 'தொடர்க' என்பதை அழுத்தினால், கையில் கிடைத்ததையெல்லாம் கொப்பரையில் கொட்டிக் கிளறுவேன். முதல் வாரத்தில் மூன்று தடவை வெடித்தது. எப்போதோ கிடைக்கிற வெள்ளைக் கடற்பஞ்சை வெடிகுண்டுக்குப் போட்டுத் தொலைத்தேன். கண்ணாடியின் தரம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. வெறுத்துப்போய் அணைத்துவிட்டேன். மறுநாள் மாலை திறந்தால் அதே கண்ணாடி முந்நூற்று எண்பத்தெட்டில் நிற்கிறது, கடற்பஞ்சும் இரண்டு கட்டு வந்திருக்கிறது. நான் தொடவில்லை. விளையாடிய நேரம் காட்டுகிற கடிகாரத்தில் இரண்டு மணி நேரம் கூடியிருந்தது, அதாவது இந்த விளையாட்டு தான் தனியாகப் பார்த்த வேலையைக்கூட நேர்மையாக எழுதி வைக்கிறது. சரக்கு அலமாரியைப் பார்த்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். சீக்கிரம் கெட்டுப்போவது முன்வரிசையில், நாள்படத் தாங்குவது பின்னால், விஷமெல்லாம் தனியாக மேல்தட்டில், ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு குப்பிகள் எங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. இந்த ஒழுங்கு நம் ஆட்களுக்கு வராது, ஜப்பானியரின் ரத்தத்தில் ஊறியது. எங்கள் அம்மா ஆஸ்பத்திரி மருந்துக் கலவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார், ஆனால் வீட்டு அலமாரியில் என் சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் உன் சட்டையை நீ தேடு என்பார்.

சந்தேகப்படுவது என் தொழில் என்பதால் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அணைத்துவைத்த விளையாட்டுப் பெட்டி மாலையில் வெதுவெதுப்பாக இருந்தது. கை சொல்வதை நான் நம்புவதில்லை, எனவே எங்கள் பிரிவின் சரிபார்த்த வெப்பமானியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். முப்பத்தாறு டிகிரி. அணைந்த பெட்டி ஏன் சூடாக வேண்டும், வேலை செய்யாமல்? இந்த அளவெடுப்பில் ஒரு சின்ன இடைஞ்சல் ஏற்பட்டது. அந்த வெப்பமானி அன்று மூன்றாம் எண் கொதிகலனில் இருந்திருக்க வேண்டியது, அதற்குப் பதில் வைத்த பழையது பதினைந்து டிகிரி குறைத்துச் சொன்னது, ஒரு கலம் சோப்பு முழுவதும் கருகிக் காபி நிறத்தில் வந்தது, எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதன் நகலும் இத்துடன் உண்டு, அளவெடுத்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எங்கள் மேற்பார்வையாளர், எந்தக் கருவியைக் கொண்டுபோனாலும் முதலில் முள் சைபரில் நிற்கிறதா பார்த்தாயா என்று கேட்பதால் 'சைபர் சார்' என்று அழைக்கப்படுபவர், என் அட்டவணையை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, முள்ளு தானா ஏறுதுன்னா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் என்றார். அனுபவம் அதிகமானால் ஆட்கள் புதிதாக எதையும் நம்ப மாட்டார்கள்.

அவர் சொன்னதற்காக அதையும் பார்த்தேன். வீட்டில் இருப்பது மூன்று பேர். தங்கை சட்டம் படிக்கிறாள், விளையாட்டு என்றால் கொட்டாவி விடுவாள். அவளிடம் அட்டவணையைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, இதை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பு, ஒரு வரி விடாம அனுப்பு" என்றாள். படித்தவள் படித்தவள்தான். அம்மா மதியம் ஒரு மணிக்கே பணி முடிந்து வந்துவிடுவார், ஆனால் டிவியில் சத்தம் குறைக்கவே என்னைக் கூப்பிடுகிறவர் என்பதால் அவரிடம் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஆக, மனிதக் கை நீக்கப்பட்டது. இனி மிச்சமிருப்பது விளையாட்டின் மேதைமை மட்டும்தான், அதற்கும் கணக்கு இருக்கிறது. நான் வீட்டிலேயே இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புள்ளிகூட ஏறுவதில்லை. வேலையாட்களுக்கு வார விடுமுறை விட வேண்டும் என்ற நியாயத்தைக் கொப்பரைக்குள் வைத்தவர்களை எப்படிப் பாராட்டுவது? இருபத்து மூன்று முதல் இருபத்தைந்தாம் நாள் வரையும் அப்படியே நின்றது. அந்த மூன்று நாளும் வெளியே விடாத மழை, அம்மாவும் காய்ச்சலில் படுத்திருந்தார். காற்றின் ஈரம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் காய்ச்சுவதை நிறுத்திவைக்கிறது என்பது என் முடிவு. சுண்ணாம்பும் காரமும் கையாண்டவர்களுக்கு இது புரியும், பொத்தானுக்குப் புரியாது.

நேற்று, நாற்பத்தோராம் நாள், முதல் கண்ணாடி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. அதற்கு மேல் அந்த விளையாட்டில் எண்ணே கிடையாது. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா, நான் வாரம் முழுக்க அடுத்தவன் கருவியில் தப்புக் கண்டுபிடிக்கிறவன். நான் செய்த தப்பை ஒருத்தர் குறை சொல்லாமல், முகம் சுளிக்காமல், தினம் தினம் சரிசெய்து வைத்து, நான் மறுபடி பாழாக்க இடமும் விட்டு வைப்பதை இந்த விளையாட்டில்தான் பார்த்தேன். எங்கோ ஜப்பானில் ஒரு அறையில் உட்கார்ந்து, வேலை முடிந்து களைத்து வருகிற ஒரு முன்கோபக்காரனுக்காக இதை யோசித்திருக்கிறார்கள். ரெண்டு நட்சத்திரமாம். அதை ஒரு மரக்கட்டைக்குப் போட்டால்கூட அது வருத்தப்படும்.

ஆகவே ஐந்து நட்சத்திரத்தையும் வருத்தத்தையும் அடுத்த இதழிலேயே எதிர்பார்க்கிறேன். பதின்மூன்றாம் கடிதத்துக்கான பொருளும் கைவசம் தயாராக இருக்கிறது. தங்கள் பத்திரிகை பிழையில்லாமலும் மை கசியாமலும் நெடுங்காலம் வெளிவரட்டும். அலுவலகத்தில் அனைவருக்கும் என் வணக்கம், பொத்தானுக்கு மட்டும் பாதி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அளவைக் கருவிப் பிரிவு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கத் தங்கையிடம் கொடுத்தேன். காய்ச்சல் வரிக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒருநாள் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பார் என்று மட்டும் சொன்னாள். இன்று அரைநாள் விடுப்பு எடுத்து வந்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. ஆஸ்பத்திரி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை மருந்துக் குப்பி மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்துக்குத் திரும்பவில்லை, தங்கை என்று நினைத்துவிட்டார்.

"சும்மா நிக்காதடி, பாசி எவ்ளோ இருக்குன்னு எண்ணு. ஆறு மணிக்குள்ள முடிக்கணும். அப்புறம் அந்தக் குரங்கு வந்துடும்."

எந்தக் குரங்கு என்று கேட்டேன்.

"இந்த ஆட்டத்துல ஒரு குரங்கு இருக்கு. கண்ணுல படாது. நான் அணைச்சுட்டுப் போனதும் வந்து, நல்ல சரக்கா பாத்து எடுத்து வெடிகுண்டு பண்ணி வெச்சுட்டுப் போயிடும். மறுநாள் நான் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நல்லாத்தான் யோசிச்சிருக்கான் ஜப்பான்காரன். அந்தக் குரங்கு மட்டும் இல்லேன்னா நான் இதை என்னைக்கோ விட்டிருப்பேன்."

நான் சாயங்காலம் துப்பாக்கி சுடுகிற வேறு விளையாட்டு ஏதோ ஆடுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். தங்கை பெட்டியைப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், அவரும் 'தொடர்க' என்பதையே அழுத்தியிருக்கிறார். இருவருக்கும் ஒரே கொப்பரை. அந்தக் குரங்கு நான்தான் என்று சொன்னேன். அம்மா திரும்பி, டாக்டரின் புரியாத கையெழுத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆசிரியர் அவர்களே, அட்டவணையின் எண்கள் எல்லாம் சரி, காரணம் மட்டும் தவறு. விளையாட்டு தானாக வேலை செய்யவில்லை. பொத்தான் அவர்களுக்கு முழு வணக்கத்தையும் தெரிவித்துவிடுங்கள். ஒப்பந்தப்படி இது என் கடைசிக் கடிதம். ஆனால் அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது உண்மை, இடம் இருந்தால் அதை மட்டும் அச்சிடுங்கள்: செய்தவர், மருந்துக் கலவைப் பிரிவு, இருபத்தாறு வருடம். என் அம்மா.

இனிமேல் அவருக்கென்று தனியாக ஓர் ஆட்டம் தொடங்கிச் சேவ் போட்டுத் தருகிறேன், யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் அதற்குள் திரும்பிக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

"தனியா எதுக்குடா? இன்னும் ஏழு கண்ணாடி இருக்கு. நீ வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து கெடுத்து வை."