குளியலறைக்குள் பூட்டிய விருந்தாளி

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் என் மகளைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் வேலை என்று போகிறாளே, என்ன வேலை என்று ஒருநாளாவது வாய் திறந்ததுண்டா? போன வாரம் மாடியில் துணி எடுக்கப் போன நான், அவள் போனில் பேசியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். "உள்ள நுழைஞ்சதும் மொத வேலையே அலாரத்தை அமுக்கறதுதான். அக்கம்பக்கத்துக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குள்ள காரியம் முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் எடுத்துட்டு வீட்டுக்கு வா. அப்பாகிட்ட மூச்சு விடாத." காலமெல்லாம் வங்கி வாசலில் காவல் நின்றவன் பெற்ற பெண் பேசுகிற பேச்சா மச்சான் இது?

ஞாயிற்றுக்கிழமை ஒல்லியாய், கண்ணாடி போட்டு, முதுகில் பையோடு ஒருவன் வந்தான். கை கழுவ வேண்டும் என்றான். குளியலறையைக் காட்டினேன், உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பையைத் திறந்தால், உடம்பெல்லாம் கொப்புளம் வந்த ஆடுகளின் படங்கள்! "சார், கதவு மாட்டிக்கிச்சு!" என்று அவன் கத்தக் கத்த, நான் டி.வி. சத்தத்தை ஏற்றினேன். மகள் ஓடிவந்து திறந்துவிட்டாள்.

"ஐயோ அப்பா, நாங்க பேசுனது ஆட்டம்மை வைரஸைப் பத்தி! அது செல்லுக்குள்ள பூந்தா, 'ஆபத்து'ன்னு அந்த செல் பக்கத்து செல்லுங்களுக்குச் சேதி அனுப்பும். வைரஸ் அதுக்குன்னே சில புரதங்களை உண்டாக்குது. சிலது உள்ளயே சேதி கிளம்பாம அமுக்கிடும். சிலது வெளிய வந்து, போலிக் காது மாதிரி நின்னு, சேதியை வழியிலயே பிடிச்சுக்கும். உடம்போட படை சும்மா உக்காந்திருக்கும். நீங்க டி.வி.யை ஏத்துனீங்களே, அந்த மாதிரி!"

"சரிம்மா. வைரஸுக்கும் 'அப்பாகிட்ட மூச்சு விடாத'ங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். உங்கள் தங்கை, "டீ ஆறுது, குடிங்க" என்றாள். கேட்காமலே டீ வந்தது என்றால் எங்கேயோ இடிக்கிறது. பையனோ என் மேல் கோபமே படவில்லை; அது இன்னும் சந்தேகமாக இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் உங்களை விட்டால் எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. உடனே வந்து, தாய்மாமன் என்கிற முறையில் அவளைப் பக்குவமாய்க் கேளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாய் இருக்கட்டும்.

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். உங்கள் தங்கை இப்போதுதான் வாயைத் திறந்தாள். மகளுக்கும் அந்தப் பையனுக்கும் போன மாதமே பதிவுத் திருமணம் ஆகிவிட்டதாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்களாமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நல்ல சட்டையாய்ப் போட்டுக்கொண்டு நானும் வந்து நின்றிருப்பேனே மச்சான்.