யாவோவின் வாப்பாவை நான் மௌத்தாக்கிய கதை

அரைகுறையாகத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே உலகத்துக்குப் பாதி நன்மை. நான் மூடிக்கொண்டிருந்ததில்லை.

கல்ஃபில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் மௌத்துச் செய்தி (சாவுச் செய்திதான்) நேராக வந்ததே கிடையாது. "உம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாம், புறப்பட்டு வா" என்றுதான் போன் வரும். ரூமில் இருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கேட்டவன் விமானம் ஏறுவதற்குள் ஊரில் அடக்கமே முடிந்திருக்கும். இந்த மறைமுகப் பேச்சைப் புரிந்துகொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பக்கத்தில் மீன்வலையும் கயிறும் விற்கும் கடையில் எனக்கு வேலை. பி.காம். படித்தவன் என்பதால் போன் என் மேஜையில். (அதை நான் எடுக்கிற தோரணையைப் பார்த்தால் கடையே என்னுடையது என்று நினைப்பீர்கள்.) அங்கே வலை பழுது பார்த்தவன் யாவோ. கானா நாட்டுக்காரன், எவே இனம். ஊர் பெயர் கேட்டா. "ஏன், கேட்டாத்தான் சொல்லுவியோ?" என்று மேனேஜர் செய்யது காக்கா கிண்டல் பண்ணுவார். அவனுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பான்.

அவன் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரு பட்டை மணல். அவ்வளவுதான் நிலம். கடல் அதையும் தெருத்தெருவாகத் தின்றுகொண்டு வந்ததாம். "கரையில ஊரே சேர்ந்து பாட்டுப் பாடி வலை இழுக்கும் பாய். அப்போ எங்கப்பா தண்ணியைக் காட்டி, அதோ தையல்கடை, அதோ உன் அத்தை வீடுன்னு சொல்வார்" என்பான்.

ஒருநாள் அவன் அக்கா தபால் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். லைன் ஒரே இரைச்சல். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. யாவோவை வரச் சொல்லுங்க" என்றாள். எனக்குப் புரியாதா? மௌத்துக்குச் சொல்லும் இன்னா லில்லாஹியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறைத்துப் பேசுவது பாவம் என்று அன்றைக்கென்று பார்த்து ஒரு ஞானம் வேறு. சாப்பாட்டு நேரத்தில் அவன் தோளில் கை வைத்து, "உங்கப்பா போயிட்டார் யாவோ" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு அழுதான். நானும் அழுதேன். சாயங்காலம், "பாஸ்போர்ட் கேட்கட்டுமா? எப்போ புறப்படுறே?" என்றேன்.

"அடுத்த மாசம்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நிதானமாகச் சொன்னான்: "எங்க ஊர்ல உடனே புதைக்க மாட்டாங்க. பெரியவங்க கூடி நாள் குறிச்சு, போன் பண்ணுவாங்க. குடும்பத்துக்கே ஒரே மாதிரி துணி எடுக்கணும். நோயாளின்னா இன்னிக்கே பறந்திருப்பேன் பாய். செத்தவர் காத்திருப்பார்."

மௌத்தென்றால் அக்கா வரச் சொல்லியிருக்க மாட்டாளே என்று அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! ரோலாவில் கடை கடையாக ஏறி, அவனுக்காகக் கறுப்பும் சிவப்புமாய் ஒரு கட்டுத் துணியைப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

மூன்றாவது வாரம் போன் அடித்தது. வயசான குரல், நிதானமான இங்கிலீஷ். நான் சுகமா, என் வீடு சுகமா, மனைவி மக்கள் சுகமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தது. (அது அவர்கள் ஊர் முறை. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. எல்லோரும் சுகம் என்று சொல்லிவைத்தேன்.) யார் பேசுவது என்று கேட்டேன்.

"யாவோவோட அப்பா."

"எந்த அப்பா?"

"அவனுக்கு எத்தனை பேர் இருக்காங்க மகனே?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "என்னைத் தூக்கிட்டு வந்து பேச வைச்சிருக்காங்க. கடல் அடுப்படிவரை வந்திருச்சு. எங்க பழைய வீடு தண்ணிக்குள்ளே எந்த இடத்துல இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குக் காட்டணும். ஏன் இன்னும் வரலை?"

"வந்துக்கிட்டே இருக்கான்" என்று புளுகினேன்.

துறைமுகத்துக்குப் போயிருந்த யாவோ திரும்பியதும், "உங்கப்பா பேசினார்" என்றேன்.

"கனவுலயா பாய்?" என்றான் பாவமாக.

"போன்ல."

சிரித்தான், அழுதான், என் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான். "மௌத்தானவரை எழுப்பிட்டியே, நீ என்ன பெரிய அவுலியாவாடா?" என்று கத்தினார் செய்யது காக்கா. கஃபீலை, அதாவது எங்கள் பாஸ்போர்ட்டையெல்லாம் வாங்கி வைத்திருந்த அரபு முதலாளியை, தேடிப் பிடித்து அதை வாங்கி, டிக்கெட் எடுத்து, அவனை ஏற்றிவிடுவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது.

அவன் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியவர் போய்விட்டார். செத்தவர் காத்திருந்தார். நான் பேரம் பேசிய துணியைத்தான் எல்லோரும் உடுத்தினார்களாம். அப்பாவை முன்கூட்டியே மௌத்தாக்கிய இந்தியாக்காரன் கதையை யாவோ சொல்ல, துக்க வீட்டில் ஒரே சிரிப்பாம். கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது முடியலை என்று போன் வந்தால் என் கையில் தரமாட்டார்கள். "வாப்பாகிட்ட குடுக்காதீங்க, அடக்கம் பண்ணிட்டுத்தான் வைப்பார்" என்பாள் மகள்.

யாவோ ஊரோடு தங்கிவிட்டான். பெருநாளைக்குப் பெருநாள் கூப்பிடுவான். "பாய், நான் யாவோ, உயிரோடதான் இருக்கேன்" என்றுதான் ஆரம்பிப்பான். பிறகு நான் சுகமா, வீடு சுகமா என்று முறைப்படி விசாரிப்பான்.

போன பெருநாளன்று நான் கேட்டுவிட்டேன். "அந்தப் பழைய வீடு எங்கேன்னு யாருக்காவது தெரிஞ்சுதா?"

"இல்லை பாய்" என்றான். "பிள்ளைங்க கேட்டா, குத்துமதிப்பா கடல் பக்கம் கையை நீட்டுறேன்."