பத்து அங்குல மாத்திரை

உறுவையாறு,
புதன்கிழமை, காலை 9.20.

'சங்கராபரணி' நாளிதழ் ஆசிரியர் தமிழ்க்குமரன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் இல்லத்தாரும், அலுவலகத்தில் பிழை திருத்தும் புகழ்வேந்தன் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலம், நாற்றும் நலம், வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் ரசம் மட்டும். அதற்கான காரணத்தைத் தெரிவித்து, வரும் சனிக்கிழமைப் பதிப்பில் ஒரு திருத்தம் வெளியிடக் கோரவே இக்கடிதம். முப்பத்தொரு ஆண்டுகள் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துச் செய்திகளைத் தங்களுக்கு அனுப்பியவன் நான். அவற்றில் ஒன்றுக்கும் திருத்தம் வந்ததில்லை. பண்டசோழநல்லூர் வாய்க்காலில் மதகு இரண்டு என்று எழுதியபோது, மூன்று என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். இருவரும் போய் எண்ணினோம், இரண்டுதான். அப்படிப்பட்டவன் இப்போது என் கட்டுரைக்கு நானே திருத்தம் கேட்கிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று தாங்கள் ஊகிக்கலாம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கணினிப் பகுதி எழுதும் தம்பி கல்யாண விடுப்பில் போய்விட்டதால், டேப்லெட்டில் தீவிரமாக வீடியோ கேம் ஆட முடியுமா அல்லது அது படம் பார்க்க மட்டும்தானா என்று விசாரித்து ஞாயிறு மலருக்கு நானூறு சொல்லில் எழுதும்படி சென்ற மாதம் என்னைக் கேட்டீர்கள். மதகை எண்ணியவனுக்கு இது ஒரு வேலையா என்று மொபெட்டை எடுத்தேன். பன்னிரண்டு நாள், அரியாங்குப்பம் முதல் பாகூர் வரை, இருபத்து மூன்று ஆட்டக்காரர்களைப் பார்த்தேன். வானத்திலிருந்து குதித்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டிய ஆட்டம் அது. பத்தொன்பது பேர் செல்போனில் ஆடினார்கள், நான்கு பேர் கம்ப்யூட்டரில். டேப்லெட்டில் ஆடுகிறவர் ஒருவர்கூட அகப்படவில்லை. அரியாங்குப்பம் அணித்தலைவர் சார்லஸ், போனுக்குப் பின்னால் சின்ன விசிறி மாட்டிக்கொண்டு ஆடுகிறவர், நான் கேட்டதும் சிரித்தே விட்டார். "டேப்லெட்டா? அது இருக்கிற அகலத்துக்கு இட்லி வேணா ஆற வைக்கலாம் சார்." இதையெல்லாம் தொகுத்து, கனம் அதிகம், சீக்கிரம் சூடாகிறது, கட்டைவிரல் நடுத்திரைக்கு எட்டாது, ஆகவே டேப்லெட் தீவிர ஆட்டத்துக்கு உதவாது என்று முடித்து அனுப்பினேன். 'டேப்லெட்' என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது.

புகழ்வேந்தனின் தமிழ்ப்பற்றை நான் மதிக்கிறேன். என் செய்திகளில் சைக்கிளை மிதிவண்டி ஆக்கினார், பேக்கரியை அடுமனை ஆக்கினார், பொறுத்துக்கொண்டேன். ஆனால் பதினோரு டேப்லெட்டையும் அவர் மாத்திரை ஆக்கிவிட்டார். தலைப்பே "மாத்திரையை நம்பி ஆட்டத்தில் இறங்கலாமா?" உள்ளே, "பத்து அங்குல மாத்திரையை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடிக்க வேண்டியுள்ளது" என்றும், "மாத்திரைக்கு மூன்று மணி நேரம் மின்னேற்றம் செய்வது அவசியம்" என்றும், என் பெயரோடு, என் புகைப்படத்தோடு. தொலைபேசியில் கேட்டதற்கு, "அகராதியில அப்படித்தாங்கய்யா போட்டிருக்கு" என்றார். எந்த அகராதி என்று நான் கேட்பதற்குள் வில்லியனூர் மருந்துக்கடைக்காரர் அழைத்துவிட்டார். "சார், அந்தப் பத்து இஞ்ச் மாத்திரை எந்தக் கம்பெனி? காலையிலருந்து மூணு பேரு வந்து கேட்டுட்டாங்க." எதிர்வீட்டு ராமாயி வாசலில் வந்து நின்று, "ஏம்பா, முட்டிவலிக்கு அதைப் பாதியா உடைச்சிப் போட்டுக்கலாமா?" என்றார்.

இவையெல்லாம் சிறிய துன்பங்கள். பெரியது வீட்டுக்குள் இருந்தது. என் மனைவி புவனேஸ்வரி கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார், மடித்து வைத்தார். "பன்னண்டு நாளு மொபெட்டுல சுத்தியும் ஒரு ஆளு கெடைக்கலியா பேப்பர்காரரே?" என்று கேட்டுவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். வங்கித் தேர்வுக்குப் படிக்க எங்கள் மகள் ஜெயசுதா வாங்கியது அது. கண்புரை அறுவைக்குப் பிறகு செல்போன் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று என் மனைவி அதை வாங்கிச் சமையல் குறிப்பு பார்த்தார், பிறகு கோலம் பார்த்தார், பிறகு சுடத் தொடங்கிவிட்டார். நான்கு மாதமாக! அவர், ஜெயசுதா, பக்கத்து வீட்டு உஷாராணி, தையல்காரர் தனக்கொடி, நால்வரும் சேர்ந்து 'நாலாந்தெரு' என்று ஓர் அணி. என் மனைவிதான் அணித்தலைவர். டேப்லெட்டில் தீவிரமாக ஆடுகிறவர் யாராவது உண்டா என்று நான் பாகூர் கடைத்தெருவில் வெயிலில் நின்று விசாரித்த நேரமெல்லாம், அந்த ஆள் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி, முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு செய்தியை நான் கோட்டை விட்டதில்லை.

கட்டுரை வந்த அன்று மதியமே அவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என்ன ஆட்டம்! கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்லெட்டை அரிவாள்மணைப் பலகைமேல் சாய்த்து வைத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு நாலு விரலால் ஆடுகிறார். கட்டைவிரல் எட்டாது என்று எழுதினேனே, கட்டைவிரல் எதற்கு? எதிரி எந்தப் பக்கம் ஓடுவான் என்று ஓடுவதற்கு முன்பே சொல்கிறார். எப்படி என்று கேட்டேன். "கரும்புக் கொல்லையில பன்னி பூந்தா எந்தப் பக்கமா வெளிய வரும்னு எனக்குத் தெரியாதா? போன்ல பார்த்தா பன்னி மட்டும்தான் தெரியும். இதுல கொல்லையே தெரியுது" என்றார். இந்த ஒரு வரியில் என் நானூறு சொல்லும் அடிபட்டுப் போயிற்று.

இனிப் போட்டிக்கு வருகிறேன். கட்டுரை வந்து ஒரு வாரம் கழித்து, சென்ற ஞாயிறு, வில்லியனூர்க் கல்யாண மண்டபம், நாலாந்தெருவுக்கும் அரியாங்குப்பத்துக்கும் அரையிறுதி. நடத்துபவர் வீரமணி, ஒழுங்கானவர், நம் நாளிதழின் வாசகர். அதுதான் வினை. மாத்திரை போட்டு ஆடுகிறார்கள் என்று நம் பத்திரிகையே எழுதிவிட்டதே என்று பதறி, அச்சடித்த பதின்மூன்று விதிகளுக்குக் கீழே பேனாவால் பதினான்காவதை எழுதியிருந்தார்: "'சங்கராபரணி' கட்டுரையில் கண்ட மாத்திரையைப் பயன்படுத்தும் அணி நீக்கப்படும்."

நான் முதல் வரிசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்தேன். பிற்பகல் 2.55: புவனேஸ்வரி மேடையில் டேப்லெட்டை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்தினார், அதன் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. 2.57: ஒரு வாய் தண்ணீர் குடித்தார். 2.58: கண்ணாடி போட்டுக்கொண்டார். சபை மரியாதைக்காக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். 3.02: ஆட்டம் தொடங்கியது. பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. படம் எடுக்கலாம் என்று சட்டைப் பையில் கை விட்டால், போன் இல்லை. மொபெட்டில் வரும்போது மனைவியின் பையில் கொடுத்திருந்தேன், மேடைக்குப் போய்க் கேட்க முடியாது. 3.09: தனக்கொடி விழுந்தார். 3.11: உஷாராணி. 3.14: ஜெயசுதா. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் என் மனைவி மட்டும். மண்டபத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. 3.16: கிணற்றுமேட்டுக்குப் பின்னால் ஒருவன் காலி. 3.17: வைக்கோற்போருக்குள் ஒருவன் காலி. மிச்சம் சார்லஸ். அவர் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டு, திரையைப் பார்க்காமல் என் மனைவியின் டேப்லெட்டையே அடிக்கடி எட்டி எட்டிப் பார்த்தார். "வா பன்னி, வா" என்று புவனேஸ்வரியின் குரல் மைக்கில் கேட்டது. 3.19: சார்லஸ் இடப்பக்கமாக வெளியே வந்தார். ஒரே குண்டு! தம்பி, நான் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றேன். அறுபத்திரண்டு வயதில், வேட்டியோடு.

3.22க்கு "நாலாந்தெரு அணித்தலைவர் திருமதி புவனேஸ்வரி" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். 3.23க்கு சார்லஸ் விதித்தாளோடு வந்தார்.

"அண்ணே, பதினாலாவது விதி. மாத்திரை யூஸ் பண்ணா அவுட்டு. இவங்க முன்னாடி நிக்கிறது இன்னா? டேப்லெட்டு."

"அது வாயில போடுற மாத்திரைபா, ஊக்கமருந்து" என்றார் வீரமணி.

"பேப்பர்ல பத்து இஞ்ச்னு போட்டிருக்கு. பத்து இஞ்ச் யாரு வாயில நொழையும்? உங்க வாயில நொழையுமா?"

மண்டபமே சிரித்தது. சார்லஸ் விடவில்லை. "எதுக்குண்ணே வம்பு? எழுதுன சாரே அதோ சேரு மேல நிக்கிறாரு, கேளுங்க."

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் என்ன செய்வது? உண்மையைச் சொன்னேன். நான் எழுதியது டேப்லெட், அச்சானது மாத்திரை, அந்த மாத்திரை இந்த டேப்லெட்தான் என்றேன். புவனேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ரசம் அந்த நொடியிலேயே கொதிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வீரமணி தலையைச் சொறிந்துவிட்டு முடிவை நிறுத்தி வைத்தார். "சனிக்கெழமைக்குள்ள, மாத்திரைன்னு போட்டது தப்புன்னு பேப்பர்ல வந்துட்டா பதினாலாவது விதியையே அடிச்சுடறேன். வரலன்னா ஞாயித்துக்கெழம பைனலுக்கு அரியாங்குப்பம்தான்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் மொபெட்டின் பின்னால் இருந்து என் மனைவி பேசியது இரண்டே வாக்கியம். "அம்பத்தாறு வயசுல மொதத் தடவையா எம் பேரை மைக்குல கூப்ட்டாங்க. ஒரு நிமிஷத்துல நீங்களே மைக்கப் புடிச்சிக் கெடுத்தீங்க." அதற்குப் பிறகு ரசம்தான் பேசுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தம்பி. இட்லி ஆற வைக்கத்தான் லாயக்கு என்று சொன்ன சார்லஸ், அதே டேப்லெட் இருந்தால் தன்னால் ஜெயிக்க முடியாது என்று விதியைக் காட்டி அழுகிறார். டேப்லெட் தீவிர ஆட்டக் கருவிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே திருத்தம் இரண்டு. ஒன்று, 'மாத்திரை' என்று வந்தது தவறு. இரண்டு, என் முடிவும் தவறு. பெரிய திரையில் கொல்லையே தெரிகிறது, நாலு விரல் வைக்க இடம் இருக்கிறது, உறுவையாற்றில் அது நிரூபிக்கப்பட்டுவிட்டது. இரண்டையும் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, சனிக்கிழமையே போடுங்கள். முப்பத்தொரு வருஷத்தில் உங்களிடம் நான் கேட்கும் முதல் இடம் இது. கொடுத்துடுப்பா.

தங்கள் நாளிதழ் நாளும் பெருகவும், புகழ்வேந்தனுக்கு நல்ல அகராதி ஒன்று கிடைக்கவும், தங்கள் பிள்ளைகள் பரீட்சையில் தேறவும் வாழ்த்தி, அலுவலகத்தில் என்னை நினைவில் வைத்திருக்கும் இருவருக்கும் என் அன்பைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வ. தணிகைவேல்,
முன்னாள் கொம்யூன் செய்தியாளர்.

பின்குறிப்பு, காலை 11.05: உறை ஒட்டும் நேரத்தில் புவனேஸ்வரி வந்து, மூன்று நாளில் முதல் முறையாகப் பேசினார். இக்கடிதத்தைப் படித்துவிட்டார். டேப்லெட் அன்று மேடை ஏறும்போதே சூடாகி அணைந்துவிட்டதாம். இன்னும் உயிர் வரவில்லை. "சும்மா நிறுத்தி வச்சேன். அவன் அதையே பார்த்துக்கினு இருந்தான். நான் பின்னால உங்க போனை வச்சி ஆடிக்கினு இருந்தேன்" என்கிறார். கண்ணாடி அதற்காகத்தான். என் போன், மூலையில் விரிசல் விட்ட போன். அதை ஏன் மைக்கில் சொல்லவில்லை என்று கேட்டேன். தலைவலிக்கு 2.57க்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாராம், அட்டை பையில் இருந்ததாம், வாயைத் திறந்தால் விதி அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும் என்று பயந்தாராம். ஆகவே, தயவுசெய்து, திருத்தம் எதுவும் வேண்டாம். அது வந்தால் எந்த மாத்திரை என்று மறுபடி கிளறி, தலைவலி மாத்திரையில் வந்து நிற்பார்கள். ஜெயசுதா இப்போதுதான் அணைந்த டேப்லெட்டை வீரமணியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அதைப் பயன்படுத்தவே இல்லை என்பதால் ஞாயிறு இறுதிப் போட்டிக்கு நாலாந்தெருதான் என்று அவர் அறிவித்துவிட்டார். மாத்திரை என்றால் பத்து அங்குல மாத்திரைதான், வேறு மாத்திரை இல்லை என்பதில் தங்கள் நாளிதழ் கடைசிவரை உறுதியாக நிற்கட்டும். புகழ்வேந்தனுக்கு என் பாராட்டு. என் கட்டுரையும் சரி, சூடாகும் என்று எழுதியது மிகச் சரி. இக்கடிதத்தில் இனி நம்பத்தகுந்தது மதகின் எண்ணிக்கை மட்டுமே என்று இந்த வரியை எழுதும்போது, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புவனேஸ்வரி சொல்கிறார்: "அதுவும் மூணுதான். ஒண்ணு பொதருக்குள்ள இருக்கு. எங்க அம்மா வூடு அந்த ஊருதான, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"