லேஸ் இல்லாத சப்பாத்து

"டோர்ச் எங்க?"

"வெளியில எடுத்தாச்சு."

"கயிறு?"

"அதுவும் எடுத்தாச்சு."

"பேர்ணடெற், நான் தலவிலைக்கு நூறு மைல் நடக்கப் போறன். நீர் என்னை வெறும் முகம் துடைக்கிற துவாயோட அனுப்பப் பாக்கிறீர்."

"துவாய் ரெண்டு வைச்சிருக்கிறன்," என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நாலாவது நாளாக நடக்கிறது. பப்பா பின்னேரம் தோளில் போடும் பாக்கை அடுக்குவார். காலையில் அவர் வேலைக்குப் போனதும் அம்மா கலைப்பார். பின்னேரம் வந்து பார்த்தால் பாக் மெலிந்திருக்கும். பப்பா மெலியவில்லை.

பப்பாவைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒஸ்வால்ட். துறைமுகத்தில் கிளார்க். கொட்டாஞ்சேனைச் சந்தியில் பாண் வாங்குவதற்கே திறீவீலர் பிடிக்கிற மனுசன். போன மாதம் பூசை முடிந்து வந்தவர், சேர்ட்டைக் கழற்ற முந்தியே அறிவித்தார். தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடந்தே போவதாக நேர்த்தி வைத்துவிட்டாராம். சிறில் வீட்டுக்கு வரவேண்டும் என்று.

சிறில் என் அண்ணன். ஏழு மாதமாகத் தெற்கே, இருபத்தைந்து மைல் தள்ளி, சிறையில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பப்பாவின் ரேடியோவுக்கு ஆறு பற்றரி வாங்கப் போனான். போகச் சொன்னது பப்பா. சந்தியில் ஆமிச் செக்கிங். ஐ.சி. என்கிற அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறந்த இடம் மன்னார். கையில் பற்றரி ஆறு. தொண்ணூற்றேழாம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பெடியனிடம் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால், குண்டு செய்கிறவன் என்று பிடிக்க அது போதும்.

மன்னாரில் அவன் இருந்தது நாற்பத்தொரு நாள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாகப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தார். நான் இரண்டாவது, கொழும்பில் பிறந்தேன். பெயர் மரியகொறற்றி, வயது பதினேழு, ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. என் ஐ.சி.யை இரண்டாம் தரம் ஒருவரும் பார்ப்பதில்லை.

வீட்டில் இதை யாரும் கதைப்பதில்லை. அம்மா மன்னார் என்ற சொல்லை எடுப்பதில்லை. பப்பா ரேடியோவைத் தொடுவதில்லை. அதன்மேல் இப்போது ஒரு பூச்சாடி இருக்கிறது.

சிறிலைச் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரு ஆள். அம்மாதான் போவார். பப்பா ஒருநாளும் போனதில்லை. ஒரு கிழமை முழங்கால். ஒரு கிழமை ஓவர்டைம். ஒரு கிழமை பல்லுவலி. பல்லைப் பிடுங்கின பிறகும் அதே பல் மூன்று சனிக்கிழமை வலித்தது.

"முழங்கால் ஏலாத ஆள் எப்பிடி நூறு மைல் நடக்கிறது?" என்று நான் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"அது வேற வலி," என்றார்.

சரி, பாக்குக்கு வருவோம். பப்பா என் பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்து ஒரு மப் கீறியிருந்தார். புத்தளம் வீதியில் உள்ள தேத்தண்ணிக் கடைகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி.

"பேலியகொடைப் பாலத்தில ஆமிக்காரன் இதைப் பாத்தா," என்றார் அம்மா, "நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போறீங்கள் எண்டு நம்புவானா?"

மப் அடுப்புக்குப் போனது. பேனாக்கத்தி அலுமாரிக்குப் போனது. கண்ணாடிப் போத்திலில் இருந்த தைலம் பிளாஸ்ரிக் போத்திலுக்கு மாறியது. டோர்ச்சை நான் திறந்து பார்த்தேன். உள்ளே பற்றரி இல்லை. பப்பா இனிப் பற்றரி வாங்கமாட்டார். பிறகேன் டோர்ச்?

"நேர்த்தி வைச்சால் காணாது. நேர்த்தியா அடுக்கவும் தெரியவேணும்," என்று அம்மா இரண்டு சவர்க்காரத்தை உள்ளே வைத்தார்.

"ரெண்டு எதுக்கு? நான் என்ன அங்க குடியிருக்கவா போறன்?"

"வழியில வேர்க்கும்."

சப்பாத்து வாங்கியதும் அம்மாவின் சொற்படிதான். பப்பாவுக்கு ஏழாம் நம்பர். "நடந்தா கால் வீங்கும், எட்டு வாங்குங்கோ," என்றார் அம்மா. பப்பா அதைப் போட்டுக்கொண்டு ஹோலில் நடந்து பார்த்தார். சப்பாத்து முன்னால் போனது. பப்பா பின்னால் போனார்.

"கால் இன்னும் வீங்கேல்லை, பேர்ணடெற்."

"நடந்தா வீங்கும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் சப்பாத்தில் லேஸைக் காணவில்லை.

"லேஸ் எங்க?"

"கழுவிப் போட்டிருக்கு."

"புது லேஸையா?"

"லேஸ் இல்லாட்டி சப்பாத்து லேசு."

பப்பா சிரித்துவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

எனக்கு அந்த லேஸில்தான் எல்லாம் விளங்கியது. அம்மா சனிக்கிழமை கொண்டுபோகிற சாமானில் கயிறு, கத்தி, கண்ணாடி, லேஸ் ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். சிறிலின் கால் எட்டாம் நம்பர். நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது முதல் தடவை.

சனிக்கிழமை விடிய பப்பா பாக்கைத் தோளில் போட்டு, குருசு அடையாளம் போட்டு, செருப்பை மாட்டினார். கூட நடக்கிற றேமண்ட் ஆக்கள் காத்து நிற்கிற எங்கள் கோயில் வாசலில் போய்ச் சப்பாத்தை மாற்றுவதாக ஏற்பாடு. அம்மா ஒரு கடிதத்தை நீட்டினார்.

"என்ன இது?"

"பெமிட். பிள்ளையைப் பாக்க, பாதரைப் பிடிச்சு உங்கட பேரில எடுத்தது. இண்டைக்கு என்னை உள்ள விடமாட்டாங்கள். உங்களைத்தான் விடுவாங்கள்."

"அங்க றேமண்ட் ஆக்கள் எனக்காகக் காத்துக்கொண்டு…"

"றேமண்டுக்கு நேற்றே சொல்லியாச்சு."

"அப்ப என்ர நேர்த்தி?"

"அன்னம்மாவும் பிள்ளை பெத்தவதான். தலவில வடக்கில. பிள்ளை தெற்கில. அவ கோவிக்கமாட்டா."

பப்பா கதிரையில் இருந்தார். பாக்கைத் திறந்தார். துவாய், சவர்க்காரம், பனியன், சாரம், தைலம், எட்டாம் நம்பர் சப்பாத்து. தன் கையால் அடுக்கிய பாக்கில் அவருடையது என்று ஒன்றும் இல்லை.

"நான் அவனோட என்ன கதைக்கிறது?" என்றார். குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"ஒண்டும் கதைக்க வேண்டாம். சப்பாத்தைக் குடுங்கோ. சீமெந்தில வெறுங்காலோட நிக்கிறான். குடுத்திட்டு நேர பஸ்ஸில வாங்கோ. நீங்கள் இரத்தத்தில சீனி கூடின ஆள், வெயிலில திரியக் கூடாது. இப்ப நான் என்ன சொன்னனான்?"

"நேர பஸ்."

அன்றைக்கு அவர் வரவில்லை. அம்மா வாசலிலேயே இருந்தார். பெமிட்டில் பெயரை மாற்றியது தன் பிழை என்று இரண்டு தடவை சொன்னார். மன்னார் என்று ஒரு தடவை சொன்னார்.

ஞாயிறு இரண்டாம் பூசை மணி அடிக்கிறபோது பப்பா ஒழுங்கைக்குள் வந்தார். காலில் செருப்பில்லை. கால் எட்டாம் நம்பருக்கு வீங்கியிருந்தது. இரவு வழியில், இரத்மலானையில் ஒரு கோயில் விறாந்தையில் படுத்தாராம்.

"செருப்பு எங்க?" என்று கேட்டேன்.

"சிறிலுக்குப் பக்கத்தில நிண்ட பெடியனும் வெறுங்கால்."

அம்மா பேசினில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பப்பாவின் காலைத் தூக்கி அதற்குள் விட்டார்.

"பிள்ளை என்ன சொன்னவன்?"

"ரேடியோ வேலை செய்யுதோ எண்டு கேட்டான்."

"நீங்கள்?"

"ஓம் எண்டனான்."

பேசினில் தண்ணீர் சிவந்துகொண்டு வந்தது. அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

நேர பஸ்ஸில் வரச்சொல்லித்தான் அம்மா அனுப்பினார். பப்பா இருபத்தைந்து மைலும் நடந்தார்.