விஸ்டீரியாவுக்கு நான் ஜாமீன்

ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள கேட்டுமேல இருக்கற கொடி பூக்கணும்.

எனக்கு வந்த வேலை இவ்வளவுதான்.

வேலையைக் கொடுத்தது என் மகன் கார்த்தி. சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்ல வேலை பாக்கறான். நாங்க கொழிஞ்சாம்பாறையில தென்னந்தோப்புக்குள்ள இருக்கோம். அவன் மலைமேல, நாங்க வெயில்ல.

திங்கக்கிழமை காலையில விளக்கேத்திட்டு இருக்கறப்ப போன் வந்துச்சு.

"அம்மா, நம்ம விஸ்டீரியா மொட்டு கிட்டு வெச்சிருக்குதா?"

"மொட்டா? அதுக்கு ஏறிப் படரத்தான் நேரமிருக்குது சாமி."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பூத்துருமா?"

"ஏன் கண்ணு, ஞாயித்துக்கிழமை அதுக்கென்ன கண்ணாலமா?"

அவன் பேசலை. பையன் பேசாம இருந்தா ஏதோ பண்ணிட்டான்னு அர்த்தம். பால்வாடி போன காலத்துல இருந்து இதுதான் பழக்கம்.

அந்தக் கொடியைப் பத்தி உங்ககிட்டச் சொல்லணும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கார்த்திதான் மலையில இருந்து கொண்டாந்தான். "திராட்சைக் கொத்து மாதிரி ஊதாப்பூ தொங்கும்மா, கேட்டுமேல ஏத்தி உடுங்க"ன்னான். ஏத்தி உட்டேன். அது கேட்டுல ஏறுச்சு, வளைவுல ஏறுச்சு, துணி காயப்போடற கம்பியில ஏறுச்சு, என் வீட்டுக்காரரு துண்டு ஒண்ணைக்கூட இழுத்துச் சுத்திக்கிச்சு. பூ மட்டும் வைக்கலை. எங்க வீட்டுச் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் சொல்லாமயே பூக்கும். பாவம், அதுங்களுக்குப் பேரு சின்னது. இதுக்குப் பேரைச் சொல்லவே எனக்கு ஒரு வாரமாச்சு.

இப்ப விசயம் என்னன்னா, ஜாதகம் சேந்ததுல இருந்து கார்த்தியும் அந்தப் பொண்ணு நிவேதாவும் போன்ல பேசிக்கறாங்க. பொண்ணுக்குப் பூச்செடின்னா உசுரு. "உங்க ஊட்டுல என்ன செடி இருக்குதுங்க?"ன்னு கேட்டிருக்குது. இவன், மாசி மாசம் ரிசார்ட் கேட்டுல கொத்துக் கொத்தாப் பூத்திருந்த விஸ்டீரியாவை ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தவன், அதை எடுத்து அனுப்பி, "எங்க ஊட்டுக் கேட்டுங்க"ன்னுட்டான்.

"இப்பவும் பூத்திருக்குதுங்களா?"ன்னு கேட்டிருக்குது.

"கொட்டுதுங்க"ன்னு சொல்லியிருக்கறான்!

பெத்தவங்க மட்டும் வர்றதா இருந்த எடத்துல இப்பப் பொண்ணும் கூட வருதாம். பூவைப் பாக்க.

"பொய் சொன்னது நீ, பூக்க வைக்கறது நானா?"ன்னேன்.

"நீங்க கேட்டாத்தாம்மா சாமி குடுக்கும்."

அந்த எடத்துல உருகிட்டேன். என்கிட்ட வேலை வாங்கணும்னு நினைக்கறவங்க எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்றாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரியே உருகறேன்.

இன்னொண்ணும் இருக்கு. கார்த்திக்கு வயசு முப்பத்திரண்டு. இதுவரைக்கும் ஜாதகம் சேந்தா, "மலைமேல வேலையா?"ன்னு பொண்ணு வீட்டுல வேண்டாங்கறாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணுதான், "மலைன்னா எனக்கு இஷ்டம்"னு சொல்லிச்சு. இதையும் கோட்டை விட்டா அப்புறம் தரகர் எங்க போனை எடுக்க மாட்டாரு.

முதல்ல தேமோர்க் கரைசல். மோரையும் தேங்காய்ப்பாலையும் கலந்து புளிக்க வெச்சுத் தெளிச்சா எந்தச் செடியும் பூக்கும்பாங்க. ஒரு வாரம் புளிக்கணும். எனக்கேது ஒரு வாரம்? வெயில்ல வெச்சு அவசரப்படுத்தினேன். அவசரப்பட்ட மோர் எப்படி மணக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சரசக்கா எட்டிப் பாத்தாங்க.

"ஏனுங் அம்மிணி, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"

"இல்லீங்க்கா, பூவுக்கு மருந்து."

"பூக்கறதுக்கா, ஓடிப் போறதுக்கா?"

செவ்வாய்க்கிழமை நர்சரிக்காரருக்கு போன் போட்டேன். அவரு பொறுமையாச் சொன்னாரு: "அம்மா, அது குளிர்ல பூக்கற செடி. குளிரு கெடைச்சாத்தான் மொட்டு வைக்கும்."

குளிருதானே வேணும்? ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் ட்ரே ரெண்டையும் எடுத்துட்டுப் போய் வேர்ல கொட்டினேன். அன்னையில இருந்து தினமும் காலையில ரெண்டு ட்ரே, சாயங்காலம் ரெண்டு ட்ரே.

என் வீட்டுக்காரரு தோப்புல இருந்து வந்தவரு நின்னு பாத்தாரு. அவரு அதிகம் பேசமாட்டாரு. பேசினா நான் அன்னைக்குப் பூரா யோசிக்கற மாதிரி பேசுவாரு.

"ஏ புள்ள, ராத்திரிக்கு ஒரு கம்பளியும் போத்தி உட்டுரு. சளி புடிச்சுக்கப் போகுது."

நான் கண்டுக்கலை. பூஜை ரூமுக்குப் போனேன். "முருகா, கார்த்திகை மாசம், உனக்குக் கூட்டமா இருக்கும், தெரியும். பூரா பூக்க வேண்டாம். ஒரே ஒரு கொத்து. அதுவும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருந்தாப் போதும். அப்புறம் நீயே எடுத்துக்கோ"ன்னு கேட்டேன். கற்பூரத்தைக் கொண்டு போய்க் கொடிக்கும் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் ஓடிப் பாத்தா, நுனியில மொட்டு மாதிரி ஒண்ணு! எனக்கு மேலெல்லாம் சிலுத்துருச்சு. "ஏனுங்க, வாங்க! முருகன் கண்ணத் தொறந்துட்டாரு!"ன்னு கத்தினேன்.

அவரு வந்து கண்ணாடி போட்டுப் பாத்தாரு.

"நத்தை."

"என்னதுங்க?"

"நத்தை, புள்ள. மயிலுக்குச் சொல்லி உட்டே. அது வர முடியாம நத்தையை அனுப்பிருக்குது."

சனிக்கிழமை கார்த்தி ஊருக்கு வந்தான். கேட்டுக்கடியில நின்னு மேலே பாத்தான். மோர் வாசத்துக்கு மூக்கைப் பொத்தினான். "அவ்வளவுதாம்மா"ன்னு வாசப்படியில உக்காந்துட்டான்.

பெத்த வயிறு கேக்குமா? அந்த நேரம் பாத்து சரசக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னாங்க: "எங்க ஊட்டு டிசம்பர் பூவும் ஊதாதானுங்களே?"

பாருங்க, கெட்ட புத்தி எப்பவும் நல்ல அக்கா மூலமாத்தான் வருது!

ஞாயித்துக்கிழமை வெளிச்சம் வந்ததும் சரசக்கா வேலியில பூப்பறிச்சோம். முதல் கூடை சாமிக்கு, ரெண்டாவது கூடை பொய்க்கு. வாழை நாருல நெருக்கமாக் கட்டி, முழம் முழமாத் தொங்கவிட்டோம். ஏணியைப் புடிச்சது கார்த்தி. ஏறினது என் வீட்டுக்காரரு. கீழ நின்னு "கொஞ்சம் இடது பக்கம்"னு சொன்னது நான். வாயில முருகன் பேரு, கையில நாரு.

"ஏ புள்ள," மேலயிருந்து குரல் வந்துச்சு, "பையனுக்குப் பொண்ணு பாக்கறமா, பூக்கடை வெக்கறமா?"

சும்மா சொல்லக்கூடாது. ரோட்டுல இருந்து பாத்தா விஸ்டீரியா. கேட்டுகிட்ட வந்தா டிசம்பர் பூ. அடியில நின்னு அண்ணாந்து பாத்தா வாழை நாரு. அதனால ஒரே ஒரு திட்டம்தான்: வர்றவங்க யாரும் அண்ணாந்து பாக்கக்கூடாது.

"கார்ல இருந்து எறங்குனதும் நேரா உள்ள கூட்டிட்டு வந்துரு"ன்னு கார்த்திகிட்டச் சொல்லியிருந்தேன்.

பத்து மணிக்குக் கார் வந்துச்சு. பொண்ணோட அப்பா எறங்கினாரு. ஆனைமலைப் பக்கம் தோட்டம் வெச்சிருக்கறவரு. அம்மா எறங்கினாங்க. கொண்டை ஒரு முடி கலையாம இருந்துச்சு. பொண்ணு எறங்குச்சு.

எறங்கினதும் முதல் வேலையா அண்ணாந்து பாத்துச்சு.

"வாங்க வாங்க, உள்ள வாங்க, வெயிலு!"ன்னு நான் கூவறேன். கார்த்தி ரெண்டு கையையும் விரிச்சு மாடு ஓட்டற மாதிரி உள்ள ஓட்டறான். பொண்ணு நகரலை. பாலக்காட்டுக் காத்து சும்மா இருக்குமா? கணவாயில இருந்து கிளம்பி நேரா எங்க கேட்டுக்கு வந்துச்சு. ஒரு சரம் அவுந்து, பொண்ணோட அம்மா கொண்டைமேலயே போய் உக்காந்துச்சு. நானே வெச்சு உட்டாலும் அவ்வளவு பொருத்தமா இருந்திருக்காது.

அந்தம்மா அதை எடுத்தாங்க. முழங்கையில வெச்சு அளந்தாங்க.

"கொடியில பூ பூத்துப் பாத்திருக்கறேன். முழம் போட்டுப் பூத்து இப்பத்தானுங் பாக்கறேன்."

என் வீட்டுக்காரரு தென்னை மரத்தைப் பாத்தாரு. கார்த்தி போனைப் பாத்தான். ஏதாவது சொல்லணுமேன்னு நான் வாயைத் திறந்தேன்.

"இந்த வருசம் கொஞ்சம் பனி ஜாஸ்திங்க."

எதுக்குச் சொன்னேன்? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பொண்ணு மெதுவாச் சொல்லிச்சு: "அத்தை, நான் படிச்சது தோட்டக்கலைங்க. இந்த வெயில்ல விஸ்டீரியா பூக்காதுங்க. இங்க பூத்துக் கொட்டுதுன்னு சொன்னாங்க. அதெப்படின்னு பாக்கலாம்னுதான் அப்பாகிட்ட அடம்புடிச்சு வந்தேன்."

அப்புறம் கார்த்தி பக்கம் திரும்புச்சு. "கொட்டுதுன்னீங்க?"

"கொட்டுச்சில்லீங்களா," என் மகன் சொன்னான், "இப்ப, அத்தை தலையில."

அடப்பாவி! பொண்ணோட அம்மா பொறுத்தது அதுவரைக்கும்தான். சரத்தைக் கேட்டுல மாட்டிட்டுக் கார் பக்கம் நடந்தாங்க. "ஏனுங்க, வாங்க போலாம். பூவுக்கே பொய்யி, பொழப்புக்கு என்ன சொல்லுவாங்களோ!"

போச்சு, எல்லாம் போச்சு. பொண்ணோட அப்பா முன்னாடி கையைக் கூப்பிக்கிட்டு நின்னேன். "அண்ணா, நான் உள்ளதைச் சொல்லிர்றேனுங்க"ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. ரிசார்ட் ஃபோட்டோ, அவசர மோர், கற்பூரம், நத்தை, ரெண்டாவது கூடை, ஒண்ணு உடலை.

அவரு நடுவுல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"வேருக்கு ஐஸா?"

"காலையில ரெண்டு ட்ரே, சாயங்காலம் ரெண்டு ட்ரேங்க."

மனுசன் சிரிச்சாரு பாருங்க! கேட்டைப் புடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. குலுங்கின குலுங்கல்ல இன்னும் நாலஞ்சு சரம் உதிந்துச்சு.

கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னாரு: "அம்மிணி, பூக்காத கொடியைத் தாங்கக்கூடாது. மெரட்டோணும். எங்க தோட்டத்துல நாரத்தை மரம் காய்க்காம நின்னுச்சுன்னா ஒருத்தரு அருவாளை ஓங்கி 'வெட்டிப் போட்ருவேன்'னு நிப்போம். இன்னொருத்தரு குறுக்க வந்து, 'உட்ருங்க, இனி காய்க்கும், நான் ஜாமீன்'னு சொல்லோணும். இங்க மெரட்டறதுக்கு ஆளே இல்லையாட்ட இருக்குது."

எங்க பக்கமும் இது உண்டு. மறந்தே போயிருந்தேன். என் வீட்டுக்காரரு ஓடிப் போய் அருவாளைக் கொண்டாந்தாரு. அவரு ஓடி நான் பாத்து ரொம்ப நாளாச்சு. கொண்டாந்தவரு அதைக் கையிலயே வெச்சுக்கிட்டு முழிச்சாரு.

"மெரட்டுங்க மச்சான்"னாரு பொண்ணோட அப்பா.

"எனக்கு எங்கீங்க மெரட்ட வருது? கண்ணாலமானதுல இருந்து பழக்கம் உட்டுப்போச்சு."

"இப்படிக் குடுங்க மாமா"ன்னுச்சு ஒரு குரல்.

பொண்ணு! துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக்கிட்டு, அருவாளை வாங்கித் தலைக்கு மேல ஓங்குச்சு. மூஞ்சி கொடியைப் பாத்துச்சு. கண்ணு கார்த்தியைப் பாத்துச்சு.

"ஏய்! மோரென்ன, ஐஸென்ன, கற்பூரமென்ன! வயசானவங்களை ஏணியில ஏத்தி உட்டிருக்கறயே, வெக்கமா இல்ல உனக்கு? பூக்க முடியலீன்னா முடியலீன்னு சொல்லு! அடுத்தவங்க பூவைக் காட்டி உன்ற பூன்னு சொல்லாத! இன்னொருக்கா சொன்னே, ஒரே வெட்டு!"

"செரிங்க"ன்னான் கார்த்தி.

கொடி சொல்ல வேண்டியதை இவன் சொல்லிட்டான்.

நாங்க எல்லாரும் மலைச்சுப் போய் நிக்கறோம். அருவா அப்படியே மேல நிக்குது. பொண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டு மெல்லமாச் சொல்லிச்சு: "கை வலிக்குதுங்க. யாராச்சும் ஜாமீனுக்கு வாங்க."

ஓடினேன். முட்டிவலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. கேட்டுக்கும் அருவாளுக்கும் நடுவுல போய் நின்னு, "உட்ரு கண்ணு! வெவரம் தெரியாமப் பண்ணிருச்சு! இனிமேப் பண்ணாது! பெத்தவ சொல்றேன், நான் ஜாமீன்!"ன்னேன்.

கொடிக்குப் போய் 'பெத்தவ'ன்னு வாயில வந்துருச்சு. யாரும் திருத்தலை.

பொண்ணு அருவாளைக் கீழ போட்டுட்டுக் கையை உதறுச்சு. சிரிப்பை அடக்க முடியாமக் கேட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. பொண்ணோட அம்மா காருக்குள்ள ஒரு காலும் வெளிய ஒரு காலுமா நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருந்தாங்க. மகளையும் பாத்தாங்க. உள்ள வெச்ச காலை வெளிய எடுத்தாங்க.

"ஜாமீன் நின்னது போதும், வாங்க. காப்பித்தண்ணியாச்சும் நெசமா இருக்குதுங்களா?"

நெசமா இருந்துச்சு. கூட நெய் உருண்டையும் இருந்துச்சு.

தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம்.

இப்பெல்லாம் கார்த்தி ஒரு டீ குடிக்கற ஃபோட்டோ அனுப்பினாக்கூட, எந்த ஊரு, எந்தக் கடை, அந்த டீ யாரோடதுன்னு அடியில எழுதித்தான் அனுப்பறான்.